குட்டி உள்ளே இருக்கையில்

மகாலட்சுமி இரண்டாம் தாரமாக அந்த வீட்டில் வந்து இறங்கியபோது முதலில் வரவேற்றது வவ்வால் நாற்றம்தான். உத்தமபாளையத்துக்கு வெளியே, வாழைத்தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. பின்னறையைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டும். கூரைக் கம்புகளில் சின்னச் சின்னக் கறுப்பு மூட்டைகளாகத் தொங்கின. பின்சுவரின் உச்சியில் நாலைந்து செங்கல் உதிர்ந்த சந்து இருந்தது. அதுதான் அவற்றுக்கு வாசல்.

விஜய்பாண்டி திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போகிறவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். தாயில்லாத கைப்பிள்ளை விஷாலைப் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கல்யாணமே என்று அவளுக்கும் தெரியும். பிள்ளையோ தங்கம். பாட்டில் பாலை வேண்டா வெறுப்பாக இரண்டு வாய் குடிக்கும். ஆனாலும் கொழுகொழுவென்று இருக்கும். பொழுது சாய்ந்தால் சத்தமில்லாமல் தூங்கிவிடும். நான் கொடுத்து வைத்தவள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

புகை போட்டு விரட்டலாம் என்றான் விஜய்பாண்டி. அவளுக்கு மனசு கேட்கவில்லை. வனத்துறைக்குச் சொல்லி அனுப்ப, காவலர் சின்னக்கருப்பு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"புகை, மருந்து எதுவும் ஆகாதும்மா. சட்டப்படி பாதுகாக்க வேண்டிய உசுரு. இப்பக் குட்டி போட்டிருக்கு. குட்டி உள்ள இருக்கையில அடைச்சா தாய் வெளிய கெடந்து முட்டும், குட்டி உள்ள கெடந்து காயும். அது பறக்கட்டும், வாரேன்."

சொன்னபடி குட்டிகள் பறந்த பிறகு வந்தார். சந்தின் வெளிப்பக்கம், மேல் விளிம்பில் ஒரு வலையை அடித்து, அடிப்பக்கத்தைத் தொங்கவிட்டார். உள்ளே இருப்பது நழுவி வெளியே போய்விடும். போனது திரும்பி நுழைய முடியாது. இறங்கும்போது சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இதென்ன, வாசல் அகலத்துக்கு இடிச்சு அடைச்சிருக்கீக?"

விஜய்பாண்டி தரையைப் பார்த்தான். "எம் மொதச் சம்சாரம் ஹேமாவதி அடைப்பு நாள்ல, ஆகாத நட்சத்திரத்துல செத்துப்போயிட்டா அண்ணே. வாசல் வழியா எடுக்கக்கூடாதுன்னு சொன்னாக. இங்கன இடிச்சுத்தான் தூக்கிட்டுப் போனோம். திரும்பி வந்துரக்கூடாதுன்னு அன்னைக்கே அடைச்சாச்சு."

"அப்பப் பிள்ளைக்கு எத்தன மாசம்?" என்று கேட்டாள் மகாலட்சுமி.

"ரெண்டு."



வவ்வால்கள் போய்விட்டன. அறையைக் கழுவிவிட்டாள். அன்றிலிருந்து பிடித்தது சனியன். பொழுது சாய்ந்தால் பிள்ளை வீறிட்டு அழும். பாட்டிலைத் தட்டிவிடும். கம்பம் ஆஸ்பத்திரியில் டாக்டர் நோய் ஒன்றுமில்லை என்றார். பிள்ளையோ நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாக ஆனது. தூக்கி நடந்து நடந்து இடுப்பு விட்டுப்போயிற்று. மாற்றிப் பிடிக்க ஓர் ஆள் இல்லை. பெறாத பிள்ளை தன் கையில் செத்துப்போனால் ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, செத்துப்போகுமே என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம்.

வலையை யாரோ நகத்தால் பிறாண்டுவது போல.

நிற்கும். மறுபடி பிறாண்டும்.

அவள் சொல்லி அனுப்ப, சின்னக்கருப்பு மறுநாள் அந்தி வேளையில் வந்தார். மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துத் தேடினார். ஒரு குட்டிகூட இல்லை. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. ஆனால் வலை உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

"உள்ள குட்டி இருந்தாத்தான் தாய் இப்படி முட்டும்," என்றார் குரல் இறங்கிப்போய்.

அவள் இடுப்பில் அழுதுகொண்டிருந்த விஷால் சட்டென்று நிறுத்தினான். சுவரைப் பார்த்தான். வாய் மட்டும் சப்புக்கொட்டியது.

மகாலட்சுமிக்கு விளங்கிவிட்டது. பயப்படக்கூடத் தெம்பில்லை. அவ்வளவு அலுப்பு.

"அண்ணே, வலைய அவுத்துருங்க."

"மறுபடி வந்துரும்மா."

"வரட்டும்."

அவர் அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அவள் பின்னறையில் பாய் விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். பக்கத்திலேயே சுவரைப் பார்க்காமல் திரும்பிப் படுத்தாள். வவ்வால் இல்லாத அறையில் வவ்வால் நாற்றம் குப்பென்று வந்தது. முதுகுப் பக்கம் சில்லிட்டது.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள். "குடுத்துட்டுப் போ. கூட்டிட்டு மட்டும் போயிராத."



கொஞ்ச நேரத்தில், முதுகுக்குப் பின்னால், பிள்ளை பால் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்படியே எப்போது தூங்கினாளோ தெரியாது. கண் விழித்தபோது ஓட்டுச் சந்தில் வெயில் இறங்கியிருந்தது. பிள்ளை பக்கத்தில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். முள் நன்றாக ஏறியிருந்தது. நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம். விஷாலின் கடைவாயில் வழிந்த பாலை விரலால் துடைத்துவிட்டாள்.

"தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைய மொகத்தப் பாத்தாலே தெரியுது. பாதியில விட்றாத ஆத்தா."

ஒரு பிள்ளையும் பெறாத மகாலட்சுமி அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாங்க விடலக்கா," என்றாள்.