தனிப்படகில் இரண்டு தும்மல்

14 செப்டம்பர் 2007, வெள்ளி.

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன்.

போலீசுக்குப் போன் செய்து, "சார், கொலை! பிணம் இங்கதான் கெடக்கு!" என்று அலறினேன்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பிணம் டீ குடித்துக்கொண்டிருந்தது.

சர்க்கரை போதவில்லையாம்!

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

நான் கார்குழலி. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பகல் வேலை. மாலையில் பிரெஞ்சு வகுப்பு. இன்று மட்டம். முதலாளி சென்னைக்குப் போயிருந்தார்.

பிணத்தின் பெயர் சாமிக்கண்ணு.

ஒரு காலத்தில் 'வெள்ளிச் சிறகு' இன்னிசைக் குழுவில் காங்கோ மேளம் வாசித்தவர். பாட ஆசை. குழுத் தலைவர் இராமதாஸ் விடவில்லை. "நீ தட்டு, நான் பாடுறேன்" என்றே வருடங்களை ஓட்டிவிட்டார்.

சாமிக்கண்ணு கோபித்துக்கொண்டு வெளியே வந்தார். தனியாகப் பாடி ஒரே ஒரு கேசட் போட்டார்.

'தனிப்படகு'!

பிறகு குழு கலைந்தது. ஊர் அதை மறந்தது. ஆனால் 'தனிப்படகு' மட்டும் முழுகவில்லை. இன்றைக்கும் மீனவர் ஊரான வைத்திக்குப்பத்தில் அந்தக் கேசட்டைப் போடாமல் படகு கடலில் இறங்காது.

காரணம், 'கரை தெரியுது' என்ற பாட்டு. அதன் நடுவில் இரண்டு தும்மல் வரும். திரும்பப் பாடி எடுக்க அன்று டேப் இல்லை. அப்படியே வெளியிட்டுவிட்டார்கள்.

கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் காரியம் கெடும். இரட்டைத் தும்மல் கேட்டால் கைகூடும். ஆனால் நினைத்த நேரத்தில் யாரால் இரண்டு முறை தும்ம முடியும்?

கேசட்டால் முடியும்!

சாமிக்கண்ணுவுக்கோ அது பதினெட்டு வருட அவமானம். அந்த இடம் வந்தால் காதைப் பொத்திக்கொள்வார். தும்மல் இல்லாமல் சுத்தமாகப் பாடி, சிடி போட வேண்டும். அதற்குத்தான் இன்று வந்தார்.

பின்னாலேயே மீன் கூடையோடு வந்தார் கன்னியம்மாள். வைத்திக்குப்பத்து ரசிகர்களுக்கு அவர்தான் தலைவி.

"இன்னாண்ணே, தும்மல எடுத்துடப் போறியாமே?"

"ஆமா. சனங்க என் குரல கேக்கட்டும். சளிய கேட்டது போதும்."

"தும்மல் இல்லாம சிடி வரட்டும்... இந்த ஸ்டுடியோவுல ஒருத்தரும் உசுரோட இருக்க மாட்டீங்க! சொல்லிட்டேன்!"

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாடை மட்டும் நின்றது.

சாமிக்கண்ணு என்னிடம் திரும்பினார். "பாப்பா, யாராவது பாத்தா எனக்குப் பாட்டு வராது. ரெக்கார்டிங்க போட்டுட்டு வெளிய நில்லு."

போட்டேன். நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, காலடியில் தரை அதிர்ந்தது... தடால்!

கதவைத் திறந்தேன். சாமிக்கண்ணு குப்புறக் கிடந்தார். கழுத்தில் மைக் ஒயர். முதுகின் மேல் மைக் ஸ்டாண்டு!

அலறினேன். சத்தம் வெளியே போகாத சுவர். அதனால் ஒருவரும் வரவில்லை!

போலீசுக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பினால், பிணம் எழுந்து உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

ஏட்டு தெய்வசிகாமணி வந்தார். சிவப்புத் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, டீ குடிப்பவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இதுவா பிணம்?"

"அப்ப அசையல சார்..."

"மூச்சு வருதான்னு பாக்க மாட்டியா?"

"பாத்தேன் சார். நான் மூச்சு வாங்குன சத்தத்துல அவர் மூச்சு கேக்கல."

சாமிக்கண்ணு குறுக்கிட்டார். "ஏட்டய்யா, பாதிப் பாட்டுல தும்மல் வந்துச்சு. ஸ்டாண்டுல மண்டைய இடிச்சேன். அவ்ளோதான்!"

ஏட்டு மைக்கைப் பார்த்தார். அதன் மேல் மூடியிருந்த பஞ்சைப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் ஏதோ தூள்!

மோந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மூக்குப்பொடி! எவனோ வேணும்னே தடவியிருக்கான்!"

காலை மிரட்டலை நான் சொன்னதும் கன்னியம்மாளுக்கு ஆள் போனது. கூடையோடு வந்தார்.

"காலைல நீ மிரட்டுனியாமே?"

"மிரட்டுனேன். நாளைக்கும் மிரட்டுவேன். ஆனா பொடி நான் தடவல. நான் மீன் விக்கறவ சார், பொடி விக்கறவ இல்ல!"

அப்போதுதான் கவனித்தேன். கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்திருக்கிறேன். இது இரண்டாவது தவறு.

"சார்... விழுந்ததெல்லாம் இதுல பதிவாகியிருக்கும்."

"போடும்மா!"

சாமிக்கண்ணுவின் குரல் எழுந்தது. பாட்டு மெல்ல ஏறியது. பிறகு...

"ஹச்!"

தடால்!

"ஹா...ஆஆ...ச்சூ!"

கன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ரெட்டத் தும்மல்! நல்ல சகுனம்!"

சொல்லலாமா, வேண்டாமா? சொல்லிவிட்டேன்.

"சார்... மயங்கி விழுந்தவர் எப்படி சார் ரெண்டாவது தடவ தும்முவார்?"

ஏட்டு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

அறைக்குள் இன்னொரு ஆள் இருந்திருக்கிறான்! சுவரைச் சுற்றிலும் எதிரொலியைத் தடுக்க மாட்டிய கனத்த திரை. பின்பக்கம் பாத்ரூம் கதவு; அதன் வழியாக வெளியேயும் போகலாம்.

சாமிக்கண்ணு டீயைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ போடு பாப்பா."

போட்டேன்.

"இது... இராமதாஸ்! பக்கத்துல நின்னு இத்தன வருசம் அவன் தும்மல மேல வாங்குனவன் நான், எனக்குத் தெரியாதா? தும்மலக் கூட ஏத்தி எறக்கி இழுக்கறவன் புதுச்சேரியிலேயே அவன் ஒருத்தன்தான்!"

கதவு திறந்தது.

பை நிறைய சாத்துக்குடியோடு நின்றார் இராமதாஸ்!

"சாமி! மண்டையில அடியாமே? பதறிப்போய் ஓடியாந்தேன்!"

ஏட்டு இனிமையாகக் கேட்டார். "மண்டையிலன்னு யாரு சொன்னா?"

இராமதாஸ் வாயைத் திறந்தார். ஏட்டு மைக் பஞ்சை அவர் மூக்கருகே நீட்டினார்.

"ஹா...ஆஆ...ச்சூ!"

சாத்துக்குடி தரையெங்கும் உருண்டது.

"என்னக் கொல்லவாடா வந்தே?" என்று எகிறினார் சாமிக்கண்ணு.

"கொல்லவா? தும்ம வைக்க வந்தேன்! நீ பாட்டுக்குச் சுத்தமா பாடிட்டா அந்தத் தும்மல் அழிஞ்சிடுமே!"

"அழியட்டும்! என் தும்மல்!"

"மொதத் தும்மல்தான்டா உன்னுது."

சாமிக்கண்ணு பையிலிருந்து பழைய கேசட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் போட்டேன். 'கரை தெரியுது'.

"ஹச்!"

"ஹா...ஆஆ...ச்சூ!"

அதே ஏற்றம். அதே இறக்கம்! பாடியவர் ஒருவர், எனவே தும்மியவரும் ஒருவர் என்று இத்தனை வருடமும் ஊரே நம்பியிருக்கிறது. பாடியவரும் சேர்த்து!

சாமிக்கண்ணு தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் வாழ்க்கையில நீ இல்லாம நான் செஞ்சது அது ஒண்ணுதான்டா. அதுலயும் நீயா?"

"அன்னிக்கும் திரைக்குப் பின்னாடிதான் நின்னேன். நீ கவுந்துபோறத பாத்துச் சிரிக்க வந்தேன்." இராமதாஸ் ஒரு சாத்துக்குடியைப் பொறுக்கிக் கையில் உருட்டினார். "நீ பாடுன பாரு... அழுதுட்டேன்டா. அழுகைய அடக்கப்போயி மூக்குல ஏறிடுச்சு. நான் பாடுன பாட்டுல ஒண்ணாவது யாருக்காவது ஞாபகம் இருக்கா? அந்தத் தும்மல் மட்டும் தெனமும் கடலுக்குப் போயிட்டு வருது."

ஏட்டு தொண்டையைக் கனைத்தார். "கம்ப்ளைண்ட் எழுதலாமா?"

சாமிக்கண்ணு அவரைப் பார்க்கவில்லை. கன்னியம்மாளைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லு. தும்மலுக்காகத்தான என் கேசட்ட வச்சிருக்கீங்க?"

"தும்மலுக்குன்னா, அது வந்ததும் அமுத்திட்டுப் போயிருப்போமே! எதுக்குண்ணே கடைசி வரைக்கும் ஓட்டுறோம்? தும்மல் கரையோட சரி. அதுக்கப்புறம் படகுல கூட வர்றது உன் குரல்தான்!"

சாமிக்கண்ணு மூக்கை உறிஞ்சினார். பொடி காரணமா என்று எனக்குத் தெரியவில்லை.

"எழுத வேணாம் ஏட்டய்யா. இவன் என்னிக்கோ அழுதுட்டான். இன்னிக்கு எனக்கு அடிபட்டுடுச்சு. சரியாப் போச்சு."

"சுத்தமா பாடி எடுக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இன்னிக்கு எடுத்ததே இருக்கட்டும். மீதிய நாளைக்குப் பாடுறேன்."

கன்னியம்மாள் கூடையைத் தூக்கினார். "பாப்பா, நடுவுல அந்தத் தடால மட்டும் எடுத்துடு. படகு கவுந்த மாதிரி இருக்கு!"

நாளை செய்ய வேண்டியது: காலையில் மைக்குக்குப் புதுப் பஞ்சு வாங்க வேண்டும். இரண்டு தும்மலுக்கும் சேதாரம் இல்லாமல் தடாலை வெட்ட வேண்டும். பிறகு சிடி அட்டையில், 'தனிப்படகு: முழுக்க முழுக்கத் தனியாகப் பாடியவர் சாமிக்கண்ணு' என்பதன் கீழே, 'உடன் தும்மியவர்: இராமதாஸ்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.