பல் வேண்டாத உணவு

"வீட்ல பால் குடிக்கிற குட்டி ஏதாவது இருக்கா?"

பூனை டாக்டர் அப்படிக் கேட்டபோது அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவள் பூனை மிளகுக்குக் குட்டியே பிறக்காதபடி ஆபரேஷன் செய்தவர் அவர்தான். மிளகைப் புரட்டிப் போட்டு வயிற்றைக் காட்டினார். காம்புகளைச் சுற்றி முடி தேய்ந்து, தோல் சிவந்து, ஈரமாக இருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலில் தட்டுப்பட்டது. சில பூனைகள் மனக்குழப்பத்தில் தம்மையே நக்கிக்கொள்ளும் என்று அவரே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டார். காய்ந்த தீனியை நிறுத்திவிட்டு ஈர உணவு கொடுக்கச் சொன்னார். பாக்கெட்டின் பின்னால் முதலில் இறைச்சியின் பெயர் இருக்க வேண்டும், மாவும் சர்க்கரையும் கூடாது, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வைக்க வேண்டும். இதற்கு மேல் இளைத்தால் தாங்காது என்பதை மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கடை அலமாரியின் முன்னால் நெடுநேரம் நின்றாள். சூரை மீன், கோழி, ஈரல்; கூழாக அரைத்தது, துண்டு போட்டது, சாற்றில் மிதப்பது. ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்து, கடைசியில் மாவு கலக்காத ஈரல் கூழை எடுத்தாள்.

வீட்டில் அவளும் பஸ் ஓட்டும் அண்ணனும்தான். அவள் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதைப் பார்த்து, "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் பதமா குடுத்திருக்கியா? அடுத்த பிறவில பூனையாத்தான் பொறக்கணும்" என்றான்.

"மீசைதான் இருக்கே. பாதி வேலை முடிஞ்சுது."

ஈரலின் கனத்த வாடை சமையலறை முழுக்கப் பரவியதும் மிளகு ஓடி வந்து, வாய் நிறைய அள்ளிக்கொண்டு, விழுங்காமல், கன்னம் உப்ப, வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிந்தியபடி பின்னறைக்குப் போய், பழைய மர அலமாரிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்குக்குள் தலையை நுழைத்தது. இருட்டில் தின்னப் பிடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. உள்ளிருந்து சளப் சளப்பென்று நக்கும் சத்தம் கேட்டது. அடுத்த வாய்க்காக மிளகு திரும்பி வந்து அவள் காலை உரசிக்கொண்டு தட்டின் முன் நின்றது.

நக்கும் சத்தம் நிற்கவில்லை.

மறுநாள் துண்டு போட்ட கோழியை வைத்துப் பார்த்தாள். மிளகு அதையும் சுமந்துகொண்டு போனது. காலையில் துண்டுகள் எல்லாம் இடுக்குக்கு வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தன. சாறு உறிஞ்சப்பட்டு, பஞ்சு போல வெளுத்து. ஒன்றில்கூடப் பல் பட்ட தடம் இல்லை. மறுபடி கூழுக்கு மாறினாள். கூழ் தீர்ந்த ஒரு நாள் மிச்சமிருந்த துண்டுகளையே வைத்தாள். அன்று எதுவும் வெளியே வரவில்லை. மெல்லும் சத்தம்தான் வந்தது. தயங்கித் தயங்கி, பழகிக்கொள்வது போல.

மிளகு இன்னும் இளைத்தது. நல்ல உணவாகத் தேடித் தேடி வாங்கினாள். எல்லாம் அங்கேதான் போனது.

ஒரு சாயங்காலம் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, மிளகை மடியில் வைத்துக் கையால் ஊட்டினாள். அது விழுங்க மறுத்தது. வாயில் வைத்துக்கொண்டே கதவைப் பிராண்டியது. நகத்தில் ரத்தம் வந்தது. பிறகு களைத்துப்போய், கதவோரம் ஒருக்களித்துப் படுத்து, கீழிருந்த சந்தில் வயிற்றை அழுத்திக் கொடுத்தது. கண்ணை மூடியது. வயிற்று முடி அசைய ஆரம்பித்தது.

உள்ளே இழுபட்டு. விடுபட்டு. இழுபட்டு.

அவள் கதவைத் திறந்துவிட்டாள். வேறு என்ன செய்ய முடியும்? தட்டில் வைக்காததை உள்ளே இருப்பது மிளகிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அன்று முதல் இரண்டு பங்காக வைத்தாள்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். எலியாகத்தான் இருக்கும் என்றான். எலிக்கு ஊட்டுகிற பூனையைப் பார்க்க டிக்கெட் போட்டால் இனி பஸ் ஓட்டவே வேண்டாமாம். டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரி முன் குப்புறப் படுத்து, இடுக்குக்குள் கையை விட்டான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணா?"

அவன் கையை வெளியே எடுத்தான். டார்ச் இல்லை. வெளிச்சம் மட்டும் உள்ளே.

வெளிச்சம் திரும்பியது. சுவர்ப் பக்கம். தரை. இடுக்கின் முன் வந்து நின்ற மிளகின் முகம். மிளகு வாயைத் திறந்து, அதுவரை அடக்கி வைத்திருந்த உணவை இடுக்கின் விளிம்பில் வைத்தது. விரல்கள் வந்து எடுத்தன. சிறியவை. முடியில்லாதவை. நகம் இப்போதுதான் முளைத்திருந்தது.

"அண்ணா, என்ன பாத்த? சொல்லு."

அவன் எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டான்.

டார்ச் வெளிச்சம் மெதுவாக உயர்ந்து அவள் பாதத்தில் பட்டது. முழங்காலுக்கு வந்தது. வயிற்றுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

மிளகு அவளிடம் வந்தது. புடவை நுனியைப் பல்லில் கவ்வியது. இடுக்கை நோக்கி இழுத்தது. பொறுமையாக.

அண்ணன் வெளிச்சத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு செருப்புகூடப் போடாமல், வாசல் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போனான்.