தொட்டி எலுமிச்சைக்குக் காவல்

விங்கோ வந்த நேரத்தில் க்ளெம் வீட்டுக்குப் பின்னால், செங்கல் பாவிய சின்ன முற்றத்தில், ஒரு காலித் தொட்டியின்மேல் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு செய்தித்தாளில் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தார். அந்தத் தொட்டியில் ஒரு காலத்தில் எலுமிச்சை இருந்தது. போன கோடையில் காரணம் சொல்லாமல் செத்துப்போனது. அவர் மனைவி ஐரிஸ் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கிடங்குகளையும் மூழ்கிய படகுகளையும் ஆயுசு பூராவும் துருவித் துருவி விசாரித்தவர். பொய் சொன்ன எத்தனையோ கப்பல் முதலாளிகளை வாயடைக்க வைத்தவர். அப்பேர்ப்பட்ட ஐரிஸுக்கே தன் வீட்டு எலுமிச்சை எப்படிச் செத்தது என்று தெரியவில்லை என்று க்ளெம் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஐரிஸும் கூடவே சிரிப்பார்.

விங்கோ பழைய மீன்பிடிப் படகுக்காரர். வாலிபத்தில் குரோவேஷியாவிலிருந்து கப்பலேறி வந்து ஃப்ரீமேன்டில் துறைமுகத்திலேயே தலை நரைத்தவர். ஒரு கையில் மத்தி மீன் டப்பா, இன்னொரு கையில் நுனி கருகிய எலுமிச்சை இலை. இரண்டையும் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை உட்காரக்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமை மீன். க்வெண்டா கதவைத் திறக்கல. அதான் உங்களுக்காவது ஆகட்டும்னு கொண்டுவந்தேன்" என்றார்.

விஷயம் இதுதான். கடற்கரைச் சாலையில் உள்ள குடியிருப்பில் விங்கோ மாடியில் வாடகைக்கு இருக்கிறார். அவருக்கு நேர் கீழே, முற்றம் வைத்த வீட்டில், க்வெண்டா. இருவருமே துணையை இழந்தவர்கள். வெள்ளிக்கிழமை தோறும் விங்கோ மீன் கொண்டுபோவார். க்வெண்டா அதைச் சுட்டு, தன் தொட்டி மரத்து எலுமிச்சையைப் பிழிந்து தருவார். முற்றத்தில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். வருஷக்கணக்காக இது தவறியதில்லை. இப்போது அந்த எலுமிச்சை செத்துக்கொண்டிருக்கிறது. தொட்டி மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. அந்தக் குடியிருப்பில் பால்கனியில் உட்கார்ந்து மத்திக்கு உப்புப் போடுகிற ஒரே ஆள் விங்கோ. அந்த வாடையைப் பற்றி க்வெண்டா ஒரு தடவை புகார் சொல்லியிருந்தார் என்பதும் உண்மை. அந்தக் கோபத்தில் விங்கோ உப்புத் தண்ணீரை மேலிருந்து ஊற்றிவிட்டார் என்று க்வெண்டா முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் குடியிருப்போர் கூட்டம். எல்லார் முன்னாலும் சொல்லப்போவதாக க்வெண்டா சொல்லி அனுப்பியிருக்கிறார். விங்கோவின் வீட்டுக்காரரும் கூட்டத்துக்கு வருவார். வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

"வீடு போனா போகட்டும், எங்கயாவது ஒரு ரூம் கிடைக்கும்" என்றார் விங்கோ. "ஆனா அவ என்னை அப்படி நெனச்சிட்டாளே, அதைத்தான் தாங்க முடியல. அந்த மரத்தை நான் ஏங்க கொல்லப்போறேன்?"

ஐரிஸ் இலையைத் திருப்பிப் பார்த்தார். பூச்சி அரித்த தடம் இல்லை. ஓரமும் நுனியும் மட்டும் தீய்ந்திருந்தன. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். க்ளெமுக்கோ அதற்குள் மூக்கு வேர்த்துவிட்டது. நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்றதிலிருந்து துப்பறிவதற்கென்றே பிறந்தவர்போல் நடந்துகொள்கிறார். தபால்தலை பார்க்கிற பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து அன்றைக்கே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை க்வெண்டா அவர்களை வேண்டாவெறுப்பாகத்தான் உள்ளே விட்டார். விங்கோ அனுப்பிய ஆட்கள் என்றால் தேநீர் கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத் தேநீரும் போட்டார். முற்றம் அழகாக இருந்தது. பழைய தகர டின்களில் துளசிபோல் மணக்கிற செடிகள், வாளியில் தக்காளி, கடல் பார்த்த பக்கம் சிவப்பு ஜெரேனியம். மூலையில், பின்வேலியை ஒட்டி, ஒயின் பீப்பாயைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டியில் அந்த எலுமிச்சை. பாதி இலை உதிர்ந்து ஒற்றைக் காயோடு நின்றது. பார்க்கவே பாவமாக இருந்தது.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கான்வாஸ் நாற்காலி, ஒரு கைத்தடி, காலி பீர் பாட்டில்கள் அடுக்கிய பெட்டி. நாற்காலியில் க்வெண்டாவின் தம்பி மெர்வ். கோதுமை விளைகிற கட்டானிங் ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, முட்டி அறுவைக்காகப் போன வசந்தத்தில் அக்காவிடம் வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். கொலைகாரனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று தினமும் சாயங்காலம் முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பவர் அவர்தான்.

"எங்க ஊர்ல என் வீட்டுப் பின்னால ஒரு எலுமிச்சை நின்னுச்சு பாரு" என்றார் மெர்வ் க்ளெமைப் பார்த்து. "கடை உரம்னு ஒரு பிடி போட்டதில்ல. வாளி வாளியாக் காய்க்கும். மரம்னா அது மரம். இதைப் பாரு, நான் காவல் இருக்கிறப்பவே இந்த நிலைமை. நான் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?"

"நீங்க இல்லாத நாள் ஏதாவது உண்டா?" என்று ஐரிஸ் கேட்டார்.

பதில் க்வெண்டாவிடமிருந்து வந்தது. ஜனவரியில் முட்டிக்காக ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தான், அப்போது மரம் கொஞ்சம் தளிர்கூட விட்டது, பிறகு அதுவும் கருகிவிட்டது என்றார். ஒருவேளை விங்கோவுக்கு அந்த இரண்டு வாரம் மனசாட்சி உறுத்தியதோ என்னவோ என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொண்டார்.

க்ளெம் பூதக்கண்ணாடியோடு களத்தில் இறங்கினார். முதலில் கடல்காற்று. சாயங்காலம் வீசுகிற உப்புக் காற்று இலையைப் பொசுக்கியிருக்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கடல் பக்கத்து ஜெரேனியம் செழிப்பாகப் பூத்து நிற்பது அவர் கண்ணிலேயே பட்டது. அடுத்து, மாடி பால்கனி. அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தரையில் கறையாக விழுந்திருந்தது. ஆனால் கறை விழுந்த இடத்தில் இருந்தது எலுமிச்சை அல்ல, கொத்தமல்லி மாதிரி இருக்கும் பார்ஸ்லி கீரைத் தொட்டி. அது கொழுகொழுவென்று இருந்தது. க்ளெம் தலையைச் சொறிந்தார்.

ஐரிஸ் தொட்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். வெள்ளைப் பூப்பு மண் முழுக்க இல்லை. பின்வேலிப் பக்கம் மட்டும், கிளைகளுக்கு அடியில், பிறை வடிவத்தில் இருந்தது. தொட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தரைக்கல்லில் கறை படியக்கூடாது என்று மெர்வ் வாங்கி வைத்ததாம். ஐரிஸ் குனிந்து அந்த வெள்ளை மண்ணை மோந்து பார்த்தார். க்ளெமும் ஆவலாகக் குனிந்தார். ஐரிஸ் அவர் சட்டைக் காலரைப் பிடித்து மெல்லத் தூக்கிவிட்டார்.

"நீ வேணாம்."

அப்புறம் க்வெண்டாவிடம் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கட்டுப்போட்ட முட்டியோடு மெர்வ் உள்ளேயும் வெளியேயும் நடப்பது கஷ்டமில்லையா?

"எங்க நடக்கிறான்? உக்காந்தா உக்காந்ததுதான்" என்றார் க்வெண்டா. "பாட்டில் பாட்டிலா உள்ள போகும். நான் கதவைச் சாத்தக் கூப்பிடுற வரைக்கும் ஒரு தடவைகூட வீட்டுக்குள்ள வரமாட்டான். என் தம்பி ஆயிரம் தப்பு பண்ணுவான், காவல்ல மட்டும் குறை சொல்ல முடியாது." மெர்வ் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் க்ளெம் கேள்வி கேட்டுத் துளைத்தார். சோப்புத் தண்ணீரா? களைக்கொல்லியா? வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எவனாவது கையை நீட்டினானா? ஐரிஸ், மத்தியை வறுக்கலாமா சுடலாமா என்று திருப்பிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அதே முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். க்வெண்டா கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம், விங்கோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு மறு பக்கம். இருவருக்கும் நடுவில், நாற்காலியில் மெர்வ். அவரே நீதிபதி மாதிரி இருந்தார்.

"ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்றார் ஐரிஸ். குரலை உயர்த்தவே இல்லை. "விங்கோ மேலேருந்து உப்புத் தண்ணி ஊத்தியிருந்தா, இலை மேல உப்பு இருக்கணும். இல்ல. பால்கனி பார்ஸ்லி வரைக்கும்தான் வருது. அங்கேருந்து எவ்வளவு வீசி ஊத்தினாலும், மரத்துக்குப் பின்னால, கிளைக்கு அடியில மட்டும் போய் விழாது. அதனால ஊத்தினவர் மேல நிக்கல. கீழ, இந்த முற்றத்துலயே, வேலி ஓரமா நின்னிருக்கார். அங்க நின்னா வீட்டு ஜன்னல் எதுலேருந்தும் முகம் தெரியாது. மரம் மறைச்சுக்கும்."

மெர்வ் ஆவேசமாகத் தலையாட்டினார். "அதான் நானும் சொல்றேன். எவனோ உள்ள வந்திருக்கான்."

"சாயங்காலத்துலேருந்து நீங்க இங்கதானே இருக்கீங்க. யாராவது வந்தாங்களா?"

"ஒரு ஈ, காக்கா வரல."

"யாரும் வரல. காவல் இருந்தப்ப மரம் கருகுது. காவல்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் தளிர் விடுது. திரும்பி வந்ததும் மறுபடி கருகுது." ஐரிஸ் பீர் பெட்டியைப் பார்த்தார். "இத்தனை பாட்டிலைக் குடிச்சவர் சாயங்காலத்துலேருந்து படுக்கப் போறவரைக்கும் ஒரு தடவைகூட உள்ள போகல. பாத்ரூம் உள்ளதான் இருக்கு. அப்ப அந்த பீரெல்லாம் எங்க போச்சு, மெர்வ்?"

க்ளெமுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பொறி தட்டியதோடு, ஏனோ கழுத்தும் சூடேறியது. அவர் பூதக்கண்ணாடியை மெதுவாகப் பையில் போட்டார்.

மெர்வ் வெட்கப்படவில்லை. அவருக்கு ரோஷம்தான் வந்தது.

"அது உரம்" என்றார். "எலுமிச்சைக்கு அதைவிட நல்ல உரம் எது? எங்கப்பா பண்ணார், நான் பண்ணேன், கட்டானிங்ல பின்கட்டுல மரம் வச்ச அத்தனை ஆம்பளையும் பண்ணான். வாளி வாளியாக் காய்ச்சுது. இது வாடிப்போச்சேன்னுதான் பாவம்னு கொஞ்சம் கூடவே..." சொல்லிக்கொண்டே வந்தவர் மரத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நானா?"

"கட்டானிங்ல மரம் தரையில நின்னுச்சு" என்றார் ஐரிஸ், இப்போது இன்னும் கனிவாக. "வேர் எங்க வேணும்னாலும் ஓடும். மழை பெஞ்சா மிச்சமெல்லாம் மண்ணோட ஆழத்துக்குப் போயிடும். தொட்டியில எங்க போகும்? போட்டது போட்ட இடத்துலயே நிக்கும். அடியில வழிஞ்சதையும் உங்க தட்டு பிடிச்சு வச்சு மறுபடி வேருக்கே குடுத்துச்சு. அதுல இருக்கிற உப்புதான் வேரைச் சுட்டிருக்கு. மரம் வாட வாட நீங்க கூடக் கவனிச்சீங்க. நீங்க கவனிக்கக் கவனிக்க அது இன்னும் வாடுச்சு. விங்கோ மேல ஒரு தப்பும் இல்ல."

மெர்வின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் எழுந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தானே குனிந்து அந்தத் தட்டை இழுத்து எறிந்தார். இன்னும் காப்பாற்றலாமா என்று கேட்டார். காப்பாற்றலாம் என்றார் ஐரிஸ். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் ஒழுகி ஓடும்வரை குழாய்த் தண்ணீரை விட்டு நாலைந்து தடவை அலச வேண்டும். பிறகு புதுத் தொட்டிமண் போட வேண்டும். வேர் தேறும்வரை எந்த உரமும் கூடாது. எந்த உரமும் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

க்வெண்டா தம்பியைத் திட்டவில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்து, மரத்தில் இருந்த அந்த ஒற்றைக் காயைப் பறித்து, நேரே விங்கோவிடம் போய் அவர் கையில் கொடுத்தார். தப்பு ஒத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான் ஒரு முட்டாள், விங்கோ. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு. மீன் இருக்கா?"

"மீன் வெள்ளிக்கிழமைதானே."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு வச்சுக்க."

விங்கோ தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு கையிலிருந்த எலுமிச்சையை ஒரு தடவை உருட்டிப் பார்த்து, மெர்வையும் ஒரு தடவை பார்த்தார்.

"இதை நல்லாக் கழுவணும்" என்றார்.

முதலில் சிரித்தது மெர்வ்தான். க்வெண்டா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாலு மணிக் கூட்டத்தில் அவர் எழுந்து மாடிப்படி விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விங்கோவின் வீட்டுக்காரர் போகிற போக்கில், புது வாடகை ஒப்பந்தம் அடுத்த வாரம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐரிஸும் க்ளெமும் கிளம்பும்போது முற்றத்தில் அடுப்பு மூட்டியாகிவிட்டது. மெர்வ் குழாயைப் பிடித்துக்கொண்டு எலுமிச்சையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

வழக்கமாக இந்த மாதிரி நாட்களில் வாய் ஓயாமல் பேசுகிற க்ளெம், வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பின் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த மண்ணை மோந்து பார்த்ததும் உடனே எப்படிப் புரிஞ்சுது உனக்கு?"

"அந்த வாடை எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் ஐரிஸ்.

க்ளெம் காலித் தொட்டியின்மேல் வைத்திருந்த காலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார்.

"போன கோடையிலேயேவா?"

"போன கோடையிலேயே."

"ஊரெல்லாம் உன்னால கண்டுபிடிக்க முடியலன்னு நான் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ அவ்வளவு சந்தோஷமாச் சொல்லிட்டிருந்த. கெடுக்க மனசு வரல."

க்ளெமின் முகத்தில் அசடு வழிந்தது. ஐரிஸ் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொட்டியின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார். உறுதியான தொட்டிதான், அலசி வைத்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

"அடுத்த சனிக்கிழமை சந்தையில ஒரு எலுமிச்சைக் கன்னு வாங்கலாம்" என்றார். "நம்ம வீட்ல பாத்ரூம் எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியுமில்ல?"