கார்த்திகையில் ஒன்று குறைவு

பிளேட்டில் ஐந்துதான் இருந்தன.

குளியலறையில் ஏற்றி வைத்த சிவப்பு விளக்குக்கு எதிரே, மருந்துத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கண்ணாடி பிளேட்டைப் பிடித்துக்கொண்டு தில்லைநாயகம் மறுபடியும் எண்ணினார். கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கே தெரிகிற ஆறு நட்சத்திரங்களும் நெகட்டிவில் ஆறு கரும்புள்ளிகளாக விழுந்திருக்க வேண்டும். ஆறாவது இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அதைச் சுற்றி மணல் தூவினாற்போல விழவேண்டிய பொடி நட்சத்திரங்களும் இல்லை. ஈரக் கையோடு மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். ஆறும் இருந்தன.

அது 1937, தை மாதம். தென்காசியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவருக்கு, கல்யாண ஜோடிகளை நிறுத்தி வைத்துப் படம் பிடித்து அலுத்துப்போய், வானத்தைப் பிடிக்கும் ஆசை வந்திருந்தது. அதற்கு வெளிச்சத்தை அள்ளிச் சேர்க்கிற குழிக்கண்ணாடித் தொலைநோக்கி வேண்டும். இரண்டு அகப்பட்டன. ஒன்று, பார்த்துவிட்டுச் சொல்லும்படி மதராஸ் வியாபாரி ஒருவர் ரயிலில் அனுப்பிய ஆறு அங்குலம். குட்டைக் குழாய், தூக்க லேசு, படம் சீக்கிரம் பதியும். மற்றது எட்டு அங்குலம். குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில், இறந்துபோன எஸ்டேட் துரை ஒருவரின் பங்களாவில் கிடந்தது. கனம் இரண்டாள் கனம், ஆனால் கண்ணாடி பெரிது. அங்கேயே தங்கிப் பார்த்துப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று துரையின் உறவினர் சீமையிலிருந்து எழுதியிருந்தார். ஆகவே சிறியதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மனைவி தங்கத்தாயோடு பங்களாவுக்கு வந்திருந்தார். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம், தொலைநோக்கியின் பக்கத்தில் பொருத்திய சின்னக் குழாயில் கண்ணை வைத்து, நட்சத்திரம் நகர நகரத் திருகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அவர் கையைவிட அவள் கை நிதானமானது.

முதல் படம் பெரியதில் எடுத்தது; அதன் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சில் கறை இருக்குமோ என்று முதலில் நினைத்தார். ஆனால் கண்ணாடியில் கறை இருந்தால் படம் முழுக்க மங்குமே தவிர ஓரிடத்தில் ஓட்டை விழாது. தொழில்காரருக்கு அது தெரியும். பிளேட்டுதான் கெட்டுப்போயிருக்கும் என்று மறுநாள் புதுப் பெட்டியைப் பிரித்தார். இரண்டு தொலைநோக்கிகளையும் மாடியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பெரியதை அவரும் சிறியதை அவளும் ஒரே நேரத்தில் திருப்பினார்கள். சிறியதில் ஆறும் விழுந்தன. பெரியதில் மூன்று.

அப்படியானால் கோளாறு பெரியதில்தான். சிறியதை வாங்குவது என்று முடிவானதும் மனசு லேசாகிவிட்டது. காலையில் காவல்காரர் அய்யாக்குட்டியிடம் பெரியது வேண்டாம் என்று சொன்னபோது, அவர் ஏன் என்று கேட்கவில்லை. துரை கடைசியில் எப்படி இருந்தார் என்று இவராகத்தான் விசாரித்தார்.

"நல்லாத்தான் இருந்தாரு, அண்ணாச்சி. கடைசி ஒரு மாசம் மட்டும் கட்டிலுக்கு அடியில படுத்துத்தான் ஒறங்குவாரு."

மூன்றாம் நாள் பெரியதைப் பெட்டியில் பூட்டிவிட்டு, வாங்கப்போகிற சிறியதில் மட்டும் படம் எடுத்தார்கள். ஏழு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று. ஒன்பதுக்கு மூன்றாவதை மாட்டிக் கொடுத்துவிட்டு, முதல் இரண்டையும் கழுவ அவர் கீழே இறங்கினார். வெளியே அருவிச் சத்தம் எப்போதும்போல் ஒரே சீராகக் கேட்டது. குளியலறையில் மருந்தின் புளித்த வாடையும் சுவர்ப் பாசியின் வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. தட்டை ஆட்ட ஆட்ட, ஏழு மணிப் பிளேட்டு மெல்லக் கறுத்து வந்தது.

கார்த்திகையே இல்லை.

நடுவில், நகத்தளவுக்கு, ஒன்றும் பதியாத வெறும் கண்ணாடி. அதற்கு ஒரு வடிவம் இருந்தது. இந்தத் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாக விழும். பிளேட்டைத் திருப்பிப் பிடித்தார். ஒரு தலை. இரண்டு தோள்கள். விளிம்பு பிளேடால் அறுத்ததுபோல் கூர்மையாக இருந்தது.

அந்தக் கூர்மைதான் பொருந்தவில்லை. நட்சத்திரத்துக்கு வைத்த குவியத்தில் கிட்டத்தில் இருக்கிற எதுவும் இப்படிக் கூர்மையாக விழாது. குறுக்கே ஒரு பறவை வந்து நின்றாலும் புகைபோலத்தான் கலங்கி விழும். அப்படியானால் இது அங்கே இருக்கிறது. அவ்வளவு தூரத்தில். அவ்வளவு தூரத்தில் இருந்தும் நகத்தளவு தெரிகிறது என்றால்... அதற்கு மேல் அவரால் கணக்குப் போட முடியவில்லை. தொழில் தெரிந்த எத்தனை பேரைக் கூப்பிட்டு, எத்தனை கண்ணாடியை மாற்றினாலும் இதற்குச் செய்ய ஒன்றுமில்லை என்று மட்டும் புரிந்தது.

எட்டு மணிப் பிளேட்டு பக்கத்துத் தட்டில் கிடந்தது. எடுத்தார்.

அதே தலை, அதே தோள்கள். பிளேட்டு முழுக்க. விளிம்பு கலங்கியிருந்தது.

விளக்குக்கு இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கலங்கியிருந்தது. புகைபோல.

மணி பத்தாகப் போகிறது. மேலே தங்கத்தாய் தனியாக இருக்கிறாள்.

பிளேட்டு கைநழுவி உடைந்தது. படிகளில் கையை ஊன்றி ஊன்றி ஏறினார். மாடிக் கதவைத் தள்ளினார். காற்றே இல்லை. மலை ஓரத்தில் வானம் நிறைய நட்சத்திரங்கள். பங்களாவுக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

தங்கத்தாய் தொலைநோக்கி அருகில், சின்னக் குழாயில் கண்ணை வைத்தபடி இருந்தாள். கூப்பிட வாயெடுத்தார்.

"வராதீங்க," என்றாள், கண்ணை எடுக்காமல், மிக மெதுவாக. "அங்கனயே நில்லுங்க. உங்கள அது இன்னும் பாக்கல."

அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று நினைத்தார். நினைக்க மட்டும்தான் முடிந்தது. கால் அசையவில்லை. பின்னாலும் இல்லை, முன்னாலும் இல்லை.

அவள் கொண்டை அவிழ்ந்திருந்தது. கூந்தல் முதுகில் விழவில்லை. ஒவ்வொரு இழையும் நேராக, மேல்நோக்கி எழுந்து நின்றது. புடவைத் தலைப்பும் அப்படியே. கீழே பார்த்தார். அவளுடைய குதிகால்கள் தரையில் இல்லை. கட்டைவிரல் நுனிகள் மட்டும் செங்கல் தளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன.

பிறகு அவையும் தொடவில்லை.

திருகை மட்டும் அவள் விடாமல், நிதானமாக, திருப்பிக்கொண்டே இருந்தாள்.