குகைக்குள் ஒரு விரல் பேரம்

வெளிச்சத்தின் விலை அந்த மலையில் ஐம்பது ரூபாய். தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு, ஆளுக்கு ஒன்று. அதற்கும் பேரம் பேசினார் மாரப்பன்.

"மூணு பேரும் ஒரே வழியிலதானம்மா போறம்? உன்ற தலையில ஒண்ணு எரிஞ்சாப் போதும். நாங்க பின்னாலயே வந்துக்கறம்."

வழிகாட்டி நாகமணி ஆந்திராவின் அரக்கு மலைக்காரி. திருப்பூர் பனியன் கம்பெனியில் சில வருடம் தைத்ததில் அவள் தமிழில் கொங்கு வாடை ஏறியிருந்தது. "உங்க இஷ்டங்ணா. உள்ள லைட்டுக் கடை இல்லீங்," என்றாள்.

மாரப்பன் காங்கயத்து மாட்டுத் தரகர். கூட வந்த நல்லசிவம் அவர் மனைவி தேவகியின் தம்பி. அவனுக்கும் அதே தொழில். சந்தைக்கு வந்த இடத்தில், குகையின் ஆழத்தில் சுண்ணாம்புக் கல்லே காளையாகப் படுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு மலையேறிவிட்டார்கள். காளை என்று காதில் விழுந்தபின் பல்லைப் பார்க்காமல் ஊர் திரும்புவார்களா?

உள்ளே கூரையெங்கும் கறவை மாட்டு மடிபோலச் சுண்ணாம்புக் கூம்புகள் தொங்கின. ஓரமாக ஓடிய ஓடை போகப் போகக் கலங்கியது.

நாகமணி நின்றாள். "மேல மழைங்ணா. திரும்பிரலாம்."

திரும்பும்போதுதான் அது நடந்தது. கடைசியில் வந்த நல்லசிவத்தின் காலுக்கு விளக்கு எட்டவில்லை. வழுக்குப் பாறையில் சறுக்கி, ஒரு பிளவுக்குள் விழுந்து காணாமல் போனான்.

"மாப்ள!"

ஓடையின் இரைச்சல் மாரப்பனின் குரலை விழுங்கியது. பாறைச் சுவரில் கை நுழையுமளவு ஓர் இடுக்கு. மாரப்பன் தோள்வரை கையை விட்டார். மறுபக்கம் ஒரு குளிர்ந்த கை வந்து பற்றியது. உயிரோடிருக்கிறான்.

"அங்கிருந்து வெளிய வர ரெண்டு வழி," நாகமணி அவர் காதில் கத்தினாள். "கீழ ஒரு பொந்து வழியாத் தவழ்ந்து வரலாம். தண்ணி முழங்காலத் தாண்டிருச்சுன்னா அந்தப் பொந்து மூடிக்கும், உள்ள போனா அவ்வளவுதான். அப்பறம் மேல இருந்து கயிறு விடறதுதான். தண்ணி எவ்வளவுன்னு கேளுங்க."

எப்படிக் கேட்பது? அதற்குள் அந்தக் கை பேசியது. சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். நல்லசிவம் மாரப்பனின் இரண்டு விரலைப் பிடித்தான். சற்று நேரத்தில் மூன்று. காளையின் உயரத்தைச் சாண்கணக்கில் சொல்லிப் பழகியவன். மூன்று சாண் தண்ணீர், முழங்கால் தாண்டிவிட்டது.

"கயிறுதான்," என்றார் மாரப்பன்.

"லைட்டு ஒண்ணுதான் இருக்கு. நான் கொண்டுட்டுப் போறன். நீங்க இருட்டுல இருக்கோணும்."

அவள் தோளில் சுற்றிய கயிற்றோடு வெளிச்சம் பாறை மேலேறி மறைந்தது.

நல்லசிவத்தின் கை கீழ்நோக்கி இழுத்தது. பொந்துக்குள் நுழையப் பார்க்கிறான். மாரப்பன் அவனது ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கினார். பேரம் முடிந்தது என்று அர்த்தம். அதன்பின் மாட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது; நின்ற இடத்திலேயே நில் என்கிறார். நல்லசிவம் அவர் உள்ளங்கையைச் சுரண்டினான்: கட்டுப்படியாகாது. மறுபடி அமுக்கினார். மறுபடி சுரண்டல். இடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்து அவர் சட்டையை நனைத்தது. உன் அக்காளிடம் என்ன சொல்வேன் என்பதை விரலால் எப்படிச் சொல்வது? எலும்பு நோகும்படி அமுக்கினார்.

மெல்ல அந்தக் கையும் மூடியது. ஒப்புக்கொண்டான்.

பிறகு திடீரென்று உருவிக்கொண்டு போய்விட்டது.

மாரப்பன் துழாவினார். தண்ணீர் மட்டுமே கையில் பட்டது. கயிறு வந்ததா, வெள்ளம் கொண்டுபோனதா? கூப்பிட்டார், தன் குரல் தனக்கே கேட்கவில்லை. பாறையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

தலைக்கு மேல் மஞ்சள் வெளிச்சம் அசைந்தது. நாகமணிக்குப் பின்னால் தொப்பலாக நனைந்த ஓர் உருவம் இறங்கி வந்து அவர் காதருகே வாயை வைத்தது.

"மச்சா, எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

"உங்கக்காளக் கேட்டுக்க," என்றார் மாரப்பன். 

குகை வாசலில், வேண்டாமென்று தள்ளிய இரண்டு விளக்குக்கும் பணம் நீட்டினார். நாகமணி வாங்கவில்லை. "எரியாத லைட்டுக்கு எப்படிங்ணா காசு வாங்கறது?"

போனது மூன்று பேர், வந்தது மூன்று பேர். செலவு, நல்லசிவத்தின் ஒரு செருப்பு. கல் காளை இவர்கள் கண்ணில் படாமலே உள்ளே படுத்திருந்தது. நாகமணி கணக்கில் மாரப்பன் பெயருக்கு நேரே வெளிச்சம் இன்னும் பாக்கி.