முகம் பார்க்கும் பருவம்

ஆஸ்பத்திரியிலிருந்து பட்டாணியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியான வெயில் நடுக்கூடம் வரை வந்திருந்தது. பழைய கட்டடம், இரண்டாவது மாடி, உயரமான கூரை. நான் பிரசவத்துக்குப் படுத்திருந்த நாட்களில் என் வீட்டுக்காரர் தனியாளாகச் சாமான்களை மாற்றி, தொட்டிலையும் பூட்டி வைத்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தத் திருகையும் இன்னொரு சுற்று முறுக்கிப் பார்க்காமல் விடமாட்டார். முதல் ஸ்கேனில் பட்டாணி அளவுதான் தெரிந்தாள் என்று மகளை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவரும் அவர்தான்.

படுக்கையறைக்குள் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தேன். தொட்டிலுக்கு எதிரே, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு மூலை காலியாக இருந்தது. அங்கே பால் புளித்த வாடை அடித்தது. குழந்தை கக்கிய துணியைச் சுருட்டிப் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை.

“பெயின்ட் வாசனையா இருக்கும்,” என்றார் அவர்.

எந்த ஊர் பெயின்டில் பால் வாடை வரும்? கேட்டிருப்பேன். தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுத்தது. உட்கார்ந்துவிட்டேன்.

முதல் சில வாரங்கள் பால், துணி, மறுபடி பால், மறுபடி துணி என்று போயின. பட்டாணி தூக்கத்தில் உதட்டைச் சுழித்துச் சிரிப்பாள், உடனே விசும்புவாள். நரி விரட்டுகிறது என்பார் என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், சொந்தமாக லாண்டரி நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் அழுக்குத் துணிமலையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். போகும்போது தவறாமல் ஒன்று கேட்பார்.

“முகம் பார்க்குதா?”

அதற்காகத்தான் நானும் தவம் கிடந்தேன். குழந்தை ஒரு தரம் முகம் பார்த்துச் சிரித்துவிட்டால் பட்ட பாடெல்லாம் பறந்துபோகும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேறெதுவும் வேண்டாம், அந்த ஒரு சிரிப்பு போதும் என்றிருந்தது.

ஒரு மத்தியானம் துணி மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது பட்டாணி சிரித்தாள். பொக்கை வாயை முழுசாகத் திறந்து, கன்னம் குழிய. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் கிட்டே குனிந்தேன்.

அவள் கண் என் முகத்தில் இல்லை.

என் இடது தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்னால், நிற்கிற ஆளின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் இருந்தது.

திரும்பினேன். அந்த மூலைதான். வெறும் சுவர். நகர்ந்து நின்று என் தலையால் மறைத்துப் பார்த்தேன். பட்டாணி முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி என்னைத் தாண்டிப் பார்க்க முயன்றாள். முடியாதபோது வீறிட்டாள். நான் விலகியதும் அழுகை நின்றது. மறுபடி சிரித்தாள், அங்கே பார்த்து.

அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவரைப் பார்த்துக்கூடச் சிரித்தாள், மகராசி. நான் தூக்கினால் மட்டும், என்னைப் பார் கண்ணு என்று எவ்வளவு கெஞ்சினாலும், பார்வை என் தோளைத் தாண்டிப் போகும். உன்னைத்தானே பார்க்கிறாள் என்பார் வீட்டுக்காரர். அவர் நிற்கிற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும்.

குழந்தை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் சரியாகத் தூங்கி எவ்வளவு நாளாகிறது என்று கேட்டார். வீட்டுக்காரர் என் முதுகில் கை வைத்தார். அந்தக் கையில் இருந்த இரக்கம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகுதான் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அடுப்படியில் பால் பாட்டில் கழுவிக்கொண்டிருப்பேன். வீட்டில் நானும் குழந்தையும் மட்டும். படுக்கையறையிலிருந்து வரும். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறவர்கள் நாக்கைச் சொடுக்குகிற சத்தம்.

ட்ளக். ட்ளக்.

ஒரு நாள் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினேன். பட்டாணி குப்புற விழுந்திருந்தாள். முதன்முதலாக. தலையைத் தூக்கி மூலையைப் பார்த்துக் கையால் பாயைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் குப்புற விழுந்ததை நான் பார்க்கவில்லை. வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள், பாராட்டியிருக்கிறார்கள். வயிறு எரிந்தது.

சாயங்காலமே அண்ணி வீட்டுக்குப் போய்விட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சபதம் வேறு. அங்கே பட்டாணி சிரிக்கவே இல்லை. பால் குடிக்க மறுத்தாள். பாட்டிலும் வேண்டாம், நானும் வேண்டாம். சுவர் சுவராகத் தேடினாள். தேடித் தேடி அழுதாள். உடம்பு கொதித்தது, டாக்டர் கொடுத்த மருந்தையும் துப்பினாள். கடைசியில் உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் என் மடியில் துவண்டு கிடந்தாள்.

நான்தான் அவளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். யாரும் சொல்லவில்லை. படுக்கையறைக் கதவைத் திறந்து, மூலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பால் கொடுத்தேன். என் தோளுக்கு மேலே பார்த்தபடி மடக்மடக்கென்று குடித்தாள். பிள்ளை பிழைத்தால் போதும் என்றிருந்தது. அதே நேரம் செத்துவிடலாம் போலவும் இருந்தது.

வேறு வீடு பார்க்கிறேன், கொஞ்சம் பொறு என்றார் வீட்டுக்காரர். போகிற வீட்டில் இவள் யாரைத் தேடிப் பட்டினி கிடப்பாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவார், இந்த முறை எனக்காக.

தவழ ஆரம்பித்ததும் நேராக அங்கேதான் போனாள். தூக்கித் தூக்கிக் கூடத்தில் விடுவேன். சாவி கொடுத்த பொம்மை மாதிரி திரும்பிப் போவாள். பிறகு ஒரு காலை, அவர் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, மூலையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

“ம்மா.”

அவர் குதித்தார். “கேட்டியா? அம்மான்னுட்டா! உன்னத்தான்!”

என்னை இல்லை.

அவர் போன பிறகு வாசல் கதவைத் தாழிட்டேன். இதற்கு மேல் என்னால் முடியாது. அவள் அங்கேதான் பார்ப்பாள் என்றால் நான் அங்கேயே நிற்கிறேன். பட்டாணியைத் தூக்கிக் கட்டிலோரம் தரையில் உட்காரவைத்துவிட்டு மூலைக்குப் போனேன். முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றேன். வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. சுவர் சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன். உடம்புச் சூடாக இருந்தது.

“பட்டாணி, இங்க பாரு. அம்மா இங்க இருக்கேன்.”

பார்த்தாள்.

என் கண்ணுக்குள் பார்த்தாள். கீழே முளைத்திருந்த ஒற்றைப் பல் தெரியச் சிரித்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். பெற்ற நாளிலிருந்து காத்திருந்த சிரிப்பு, எனக்கே எனக்கு. கண்ணே என்று அவளை வாரி எடுக்கக் குனிந்தேன்.

குனிய முடியவில்லை.

கால் நகரவில்லை. முதுகு சுவரை விட்டு வரவில்லை.

கட்டிலோரம் தரையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். என் நைட்டி. அவசரத்துக்கு நான் போட்டிருந்த அதே கோணல் கொண்டை. பட்டாணியை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். என் முகம். அதில் கோபம் எதுவும் இல்லை. களைத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான்.

“நின்னு நின்னு கால் மரத்துப் போச்சு,” என்று கிசுகிசுத்தாள். “கொஞ்சம் நீ நில்லு.”

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். வந்ததெல்லாம் ஒரு சத்தம்தான்.

ட்ளக்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். என் குரலில், அவரைக் கேலி செய்துகூடப் பேசினாள். இப்போதுதான் நீ பழையபடி இருக்கிறாய் என்று அவர் கண்கலங்கினார். ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்து, இப்போதுதான் முகத்தில் களை வந்திருக்கிறது என்றார். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தரம் அலமாரியில் எதையோ தேடிய வீட்டுக்காரர், மூலைப் பக்கம் மூக்கை உறிஞ்சி, பால் வாடை இன்னும் போகவில்லையே என்றார்.

“பெயின்ட் வாசனையா இருக்கும்,” என்றாள் அவள்.

ஒன்று மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. அவள் தூக்கினால் பட்டாணி அவள் தோளைத் தாண்டி என்னைப் பார்த்தாள். என்னைப் பார் கண்ணு, என்னைப் பார் என்று அவள் கெஞ்சுவதைக் கேட்டேன். நான் கெஞ்சிய அதே வார்த்தைகள்.

அவர் வேறு வீடு பார்த்துவிட்டார். தொட்டிலைக் கழற்றினார், திருகுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் போட்டார். கடைசியாக அவள் பட்டாணியோடு அறை வாசலில் நின்றாள். நான் நாக்கைச் சொடுக்கிக்கொண்டே இருந்தேன். பட்டாணி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, என் முகம் பார்த்து, கையை விரித்து மூடி ஆட்டினாள்.

“அடேங்கப்பா, டாட்டா காட்டுறா பாரு,” என்றார் அவர். “யாருக்குடி காட்டுற?”

கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது.

அங்கே போய்ப் பால் குடித்தாளா, என்னைத் தேடிச் சுவர் சுவராகப் பார்த்தாளா, தெரியாது. குடித்திருப்பாள். குடித்திருக்க வேண்டும். இந்நேரம் எழுந்து நிற்கப் பழகியிருப்பாள். நான் போய்ப் பார்க்க வேண்டும். எப்படியாவது போக வேண்டும்.

நேற்று பூட்டு திறந்தது. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண், கூடவே அவள் புருஷன். நல்ல பெண் போலிருந்தது. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். தொட்டிலை எங்கே போடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். இந்த அறைக்குள் வந்ததும் அவள் நின்று மூக்கைச் சுளித்தாள்.

நான் எதுவும் செய்யவில்லை. சும்மாதான் நின்றேன்.

எனக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது.