காலி வரிசையில் ஒரு கோடு

காலியாக இருக்க வேண்டிய வரிசையில் ஒரு கோடு விழுந்திருந்தது.

இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்து அவள் மறுபடியும் பார்த்தாள். முதல் வரிசையில் அவளுடைய ரத்த வெள்ளணுக்களின் சாறு. இரண்டாவதில் வெறும் உப்புக் கரைசல். புதிதாகத் தயாரித்த ஆன்டிபாடி ஒரே ஒரு புரதத்தைத்தான் தேடிப் பிடிக்கும். வெள்ளணுவின் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் புரதம் அது; அது இருக்கும் வரிசையில்தான் ஃபிலிமில் கறுப்புக் கோடு விழும். உப்புத் தண்ணீரில் அதற்கு என்ன வேலை?

"டிப்பை மாத்தினியாம்மா?" என்றார் ஆய்வகத் தலைவர்.

மாற்றவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் அவசரத்தில், தன் ரத்தச் சாற்றை உறிஞ்சிய அதே பிளாஸ்டிக் முனையைக் கரைசலிலும் முக்கிவிட்டாள்.

"அவசரத்துல மறந்துட்டேன் சார்."

"நல்லா மறந்த போ. முதல்லேர்ந்து பண்ணு. இன்னொரு தடவை சொதப்பினா இந்தப் பக்கமே வராத."

புது முனை, புதுக் கரைசல், புது ரத்தம். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். காலி வரிசையின் கோடு இன்னும் தடித்திருந்தது. அவளுடையது வெளுத்திருந்தது.

அடுத்த முறை இன்னும் வெளுத்தது. தானே திறக்கும் கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறக்க மறுத்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையில், அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மகள், "அம்மா எங்கப்பா?" என்றாள். விளையாட்டு என்று கணவர் சிரித்தார். அந்தக் கரைசலுக்கு என் ருசியை நானே காட்டிவிட்டேன் என்று அவள் நினைத்தாள்.

கடைசி ஃபிலிமைக் கழுவிய மதியம், வெளியே மகள் பள்ளிப்பையோடு காத்திருந்தாள். இருட்டறையில் குழாய் சொட்டும் சத்தமும், மூக்கை அரிக்கும் ரசாயனப் புளிப்பு வாடையும், தொட்டிக்குள் ஃபிலிம் மெல்ல அசையும்போது சுவரில் நெளியும் சிவப்பு நிழலும் தவிர வேறெதுவும் இல்லை. பிறகு வாடை நின்றது. சொட்டும் சத்தம் நின்றது. அவள் மூச்சும் அவளுக்குக் கேட்கவில்லை.

ஃபிலிமை எடுத்தாள்.

காலி வரிசையில் கன்னங்கரேலென்று ஒரு கோடு.

அவள் வரிசையில் ஒன்றுமில்லை.

"அம்மா, போலாமா?" வெளியே மகளின் குரல்.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"போலாம் கண்ணு."

அவளுடைய குரல்தான். கதவுக்கு அந்தப் பக்கம்.

கறுப்புத் திரையை விலக்கினாள். கதவின் சிறு கண்ணாடி வழியே நடைபாதை தெரிந்தது. அவளுடைய புடவை, அவளுடைய செருப்பு, அவளுடைய பின்னல். நடந்த இடமெல்லாம் ஈரம். கைப்பிடி அசையவில்லை. கதவை ஓங்கி ஓங்கி அடித்தாள். கை பட்டது. ஒலி எழவில்லை.

மகள் நின்றாள். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். ஈரக்கை ஒன்று அவள் கன்னத்தைப் பிடித்து மெதுவாக முன்பக்கம் திருப்பியது.

"ஏம்மா உன் கை இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

"இனிமே சூடாயிடும்" என்றபடி அது குழந்தையின் விரல்களை இறுக்கிக்கொண்டு நடந்தது.